சிவந்த குச்சியெல்லாம் காசநோயா?

சளியில் அமிலத்தைத் தாங்கும் கிருமி தெரிந்தால் அது காசநோய், ஆறு மாத மருந்தைத் தொடங்கு. பிறகு வளர்ப்புச் சோதனையில் அது காசநோய்க் கிருமி இல்லை, வேறு ஏதோ மைக்கோபாக்டீரியம் என்று வந்தால் அது தண்ணீரிலிருந்து வந்த கலப்படம், விட்டுவிடு. இந்த இரண்டு வாக்கியங்களை வைத்துக்கொண்டே நெஞ்சு நோயைப் பற்றிய முடிவுகள் பல எடுக்கப்படுகின்றன. மூன்றாவதாக ஒரு வாக்கியமும் சேர்ந்துகொள்ளும்: அந்த வேறு கிருமி எந்த இனம், எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று துருவுவதெல்லாம் பல்கலைக்கழக மருத்துவமனைகளின் வேலை, தோட்டப்புறத்துக்கு அது எட்டாத ஆடம்பரம்.

இப்படிச் சொல்கிறவர்கள் அக்கறையில்லாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. கூட்டம் நிரம்பி வழியும் கிளினிக்கில் உட்கார்ந்து விரைவாக முடிவெடுக்க வேண்டியவர்கள் அவர்கள். ஆனால் மூன்று வாக்கியங்களும் தவறு. மலேசியாவின் கேமரன் மலையில் தேயிலைக் கொழுந்து வெட்டும் ஒருவரின் நுரையீரலில் இந்தத் தவறு செய்யும் கேட்டைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் நுண்ணோக்கியிலிருந்து தொடங்குவோம். சளியைக் கண்ணாடிச் சில்லில் தடவி, கார்பால் ஃபுக்சின் சாயத்தை ஊற்றிச் சூடாக்கி, அமிலத்தால் கழுவி, மெத்திலீன் நீலத்தால் பின்னணிச் சாயம் ஏற்றினால், நீல வயலில் மெல்லிய சிவப்புக் குச்சிகள் தெரியும். 1882-83இல் சீலும் நீல்செனும் செம்மைப்படுத்திய முறை இது. இன்றும் உலகம் முழுக்க இதுதான் முதல் சோதனை. சாயம் ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் அந்தக் கிருமியின் சுவரில் இருக்கும் மைக்காலிக் அமிலம் என்ற மெழுகு. அந்த மெழுகு மைக்கோபாக்டீரியக் குடும்பம் முழுவதற்கும் பொதுச் சொத்து. 190க்கும் மேற்பட்ட இனங்கள் அந்தக் குடும்பத்தில் பெயரிடப்பட்டிருக்கின்றன. சிவப்புக் குச்சி குடும்பப் பெயரை மட்டும் சொல்கிறது. ஆளின் பெயரைச் சொல்வதில்லை.

இந்த உண்மை மலேசியருக்குப் புதிதே அல்ல. சுங்கை பூலோவில் 1930இல் தொழுநோயாளிகளுக்கென்று ஒரு பள்ளத்தாக்கையே ஒதுக்கினார்கள். தொழுநோய்க் கிருமியும் அதே சாயத்தில் சிவக்கும் குச்சிதான். தோலைக் கீறி எடுத்த துளியில் அந்தக் குச்சியைப் பார்த்த மருத்துவர் எவரும் நோயாளிக்குக் காசநோய் என்று எழுதவில்லை. இடம், அறிகுறி, கிருமியின் குணம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். அதே சுங்கை பூலோவில்தான் இன்று தேசியப் பொதுச் சுகாதார ஆய்வுக்கூடம் இருக்கிறது. தோலுக்குக் காட்டிய நிதானத்தைச் சளிக்கும் காட்டினால் என்ன?

எதிர்த் தரப்பின் வலுவான வாதத்தை ஒதுக்கிவிட்டுப் போக மாட்டேன். மலேசியாவில் அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 25,000 பேருக்குக் காசநோய் பதிவாகிறது. முதல் முறையாக இருமிக்கொண்டு வருகிறவரின் சளியில் சிவப்புக் குச்சி இருந்தால் அது காசநோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். காசநோய் காற்றில் பரவும், தாமதம் வீட்டில் இருப்பவர்களையும் பாதிக்கும். எனவே உடனே மருந்து தொடங்குவது சரி. அதை நான் மறுக்கவில்லை. நான் மறுப்பது மருந்து தொடங்கியதோடு விசாரணையையும் முடித்துவிடும் பழக்கத்தை. சில்லில் 2+ என்று குச்சிகள் நிறைந்திருக்க, அதே சளியில் ஜீன்எக்ஸ்பெர்ட் கருவி காசநோய்க் கிருமி இல்லை என்று சொன்னால், அந்த முரண்பாடே ஒரு விடை. அந்தக் கருவி காசநோய்க் கிருமிக் கூட்டத்தின் மரபணுவை மட்டும் தேடுவது. இரண்டு சோதனைகளும் சரியாகச் செய்யப்பட்டிருந்தால் சளியில் இருப்பது வேறு இனம் என்று சந்தேகிக்க வேண்டும். அந்தத் தாளைக் கோப்பில் செருகிவிட்டு நான்கு மருந்துகளைத் தொடர்வது எந்த விதத்தில் சிக்கனம்?

இனி மலைக்கு வருவோம். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது முதல் இங்கே காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்களில் பெரும்பகுதி நம்மவர்கள். இன்று கொழுந்து வெட்டுகிறவர்களில் வங்காளதேசத்தவரும் நேப்பாளத்தவரும் இந்தோனேசியரும் நிறைய. தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும். மட்கு நிறைந்த, ஈரம் காயாத, அமிலத் தன்மையுள்ள மண். ஏவியம் கூட்டத்து மைக்கோபாக்டீரியங்கள் விரும்பும் மண்ணும் அதுதான். அமெரிக்காவின் தென்கிழக்குச் சதுப்பு நிலங்களில் அமிலமும் மட்கும் மிகுந்த இடங்களில் அவை செழித்திருந்ததை 1990களிலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். 2006இல் வெளிவந்த இன்னோர் அமெரிக்க ஆய்வு தொட்டி மண்ணைக் கிளறியபோது எழுந்த தூசியை ஆராய்ந்து, சில நோயாளிகளின் சளியில் இருந்ததை ஒத்த கிருமிகளையே அந்த மண்ணில் கண்டது. பூச்செடிக்கும் காய்கறி நாற்றுக்கும் தொட்டி மண் நிரப்புவது பிரிஞ்சாங்கிலும் கம்போங் ராஜாவிலும் அன்றாட வேலை. மலையோடையிலிருந்து கறுப்புக் குழாய்களில் தண்ணீரை இறக்கிச் செடிக்குத் தெளிப்பதும் அன்றாட வேலை. குழாயின் உள்சுவரில் படியும் வழுவழுப்பான படலத்தில் இந்தக் கிருமிகள் கூட்டமாகக் குடியிருக்கும். குளோரினுக்கு இவை ஈ.கோலையைவிடப் பல நூறு மடங்கு தாக்குப்பிடிக்கும். மண்ணோடும் நீர்த்துளியோடும் பகல் முழுக்கப் புழங்குகிற ஒருவரிடம், அதிலும் முன்பு காசநோய் வந்து நுரையீரலில் குழி விழுந்த ஒருவரிடம், இந்தக் கிருமிகள் எப்படி வரும் என்று ஆச்சரியப்படுவதற்கு எதுவுமில்லை.

சுற்றுப்புறத்தில் இவ்வளவு இருக்கிறதென்றால் சளியில் கிடைப்பது கலப்படமாகத்தானே இருக்கும் என்று உடனே கேட்பார்கள். நியாயமான கேள்வி, ஆனால் அதற்கு விடை சொல்லவும் இனத்தின் பெயர் வேண்டும். கோர்டோனே என்றோர் இனம் உண்டு. குழாய்த் தண்ணீரில் சாதாரணமாகக் கிடைக்கும், ஆரஞ்சு மஞ்சளாக வளரும், மனிதருக்கு நோய் தருவது மிக அரிது. ஒருவர் சளியில் அது வந்தால் பெரும்பாலும் மருந்தே வேண்டாம். கன்சாசி என்றோர் இனம் உண்டு. அதுவும் குழாய்த் தண்ணீரில் இருக்கும், அதுவும் மஞ்சள்தான். ஆனால் நுரையீரலைக் காசநோயைப் போலவே குழி பறித்துவிடும். இருட்டில் வளர்த்த கன்சாசிக் கிருமித் திரள் வெண்மையாக இருக்கும், வெளிச்சத்தில் சற்று நேரம் வைத்துவிட்டு மறுநாள் பார்த்தால் எலுமிச்சை மஞ்சளாகியிருக்கும். கோர்டோனேவுக்கு இருட்டிலேயே நிறம் உண்டு. 1959இல் ரன்யன் இந்த நிறக் குணத்தையும் வளரும் வேகத்தையும் வைத்துத்தான் இவற்றை நான்கு பிரிவாக்கினார். ஒரு குப்பியை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கும் பொறுமை கூட இல்லாமல் இரண்டையும் கலப்படம் என்ற ஒரே கூடையில் போடுவது நோயாளிக்குச் செய்யும் அநீதி.

கலப்படமா நோயா என்று பிரிப்பதற்கு நெறிமுறையும் இருக்கிறது. நெஞ்சில் அறிகுறி இருக்க வேண்டும், எக்ஸ்ரேயிலோ ஸ்கேனிலோ அதற்கேற்ற மாற்றம் தெரிய வேண்டும், வெவ்வேறு வேளையில் எடுத்த குறைந்தது இரண்டு சளி மாதிரிகளில் அதே இனம் வளர வேண்டும், அல்லது மூச்சுக்குழாயைக் கழுவி எடுத்த நீரில் ஒரு முறை வளர வேண்டும். அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவச் சங்கங்கள் 2020இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியும் இதையே சொல்கிறது. "அதே இனம்" என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். முதல் சளியில் என்ன இனம் என்று எழுதாமல் விட்டவர், இரண்டாவது சளியில் வந்தது அதுதானா என்று எப்படிச் சொல்வார்?

அடுத்த வாதம்தான் எனக்கு மிகவும் கோபமூட்டுவது. எந்த இனமானால் என்ன, இதற்கும் ரிஃபாம்பிசின், எத்தாம்புட்டால்தானே கொடுப்பார்கள், பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்பார்கள். கன்சாசிக்கு ரிஃபாம்பிசின் முதுகெலும்பு என்பது மெய்தான். ஆனால் காசநோயின் நான்கு மருந்துகளில் பைரசினமைட் அதைத் தொடாது, ஆறு மாதமும் போதாது, பன்னிரண்டு மாதமாவது வேண்டும். ஆறு மாதத்தில் நிறுத்தினால் பாதி ஆறிய நோயோடு அவரை வீட்டுக்கு அனுப்புகிறோம். போதாததற்கு, காசநோய்க் கிருமிக்கென்று வகுத்த மருந்தளவில் கன்சாசியைச் சோதித்தால் ஐசோனியாசிட் எடுபடவில்லை என்று வரக்கூடும். ஏவியம் கூட்டத்தைச் சோதித்தால் பல மருந்துகள் எடுபடவில்லை என்று வரும். இனம் தெரியாத ஒருவர் அந்த அறிக்கையைப் படித்தால் நோயாளிக்குப் பல மருந்தை எதிர்க்கும் காசநோய் என்ற பட்டத்தைச் சூட்டிவிடுவார். ஈரானில் 2015இல் வெளியான ஆய்வொன்றில் அப்படிப் பட்டம் பெற்றவர்களில் பத்துக்கு மூன்று பேரிடம் இருந்தது காசநோயே இல்லாத மைக்கோபாக்டீரியம்.

அப்சிசஸ் இனத்துக்கு வந்தால் அந்த வாதம் முழுவதுமாக உடைந்துபோகிறது. காசநோயின் முதல்நிலை மருந்துகள் எதுவும் இதைக் கட்டுப்படுத்தாது. ஆறு மாதம் நாள் தவறாமல் விழுங்கினாலும் நோயாளிக்குக் கிடைப்பது ஈரல் வீக்கமும் கண் மங்கலும் மட்டுமே. இந்த இனத்துக்குள் மூன்று துணையினங்கள்: அப்சிசஸ், பொல்லெட்டியை, மசிலியன்ஸ். பார்வைக்கு மூன்றும் ஒன்றுதான். ஆனால் முதல் இரண்டிலும் எர்ம்-41 என்றொரு மரபணு பெரும்பாலும் விழித்தபடி இருக்கிறது. மசிலியன்ஸில் அதன் பெரும்பகுதி அறுந்துபோய் வேலை செய்வதில்லை. இந்த மரபணுவை 2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அடையாளம் காட்டினார்கள். கிளாரித்ரோமைசின், அசித்ரோமைசின் வகை மருந்தைக் கண்டவுடன் தன் ரைபோசோமை மாற்றிக்கொண்டு தப்பிக்கக் கிருமிக்குக் கற்றுக்கொடுப்பது அதுதான்.

ஆய்வுக்கூட மேசையில் இது எப்படித் தெரிகிறது என்று பார்க்க வேண்டும். குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் கிளாரித்ரோமைசின் கூடுதலும் குறைவுமாக நிரப்பப்பட்டிருக்கும். கிருமியை ஊற்றி மூன்று முதல் ஐந்து நாளில் எடுத்தால், மிகக் குறைந்த மருந்துள்ள குழி கூடத் தெளிவாக இருக்கும். மருந்து வேலை செய்கிறது என்று எழுதத் தோன்றும். தட்டை மறுபடி அடைகாப்பானில் வைத்து, பதினான்காம் நாள் எடுத்துச் சாய்த்துப் பார்த்தால், தெளிவாக இருந்த அதே குழிகள் ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளையாகக் கலங்கல் படிந்திருக்கும், மருந்து மிகுந்த குழியிலும் கூட. துணையினம் மசிலியன்ஸாக இருந்தால் பதினான்காம் நாளும் தெளிவாகவே இருக்கும். ஐந்தாம் நாள் அறிக்கை அனுப்பியவர் இரண்டு நோயாளிகளுக்கும் ஒரே பதிலைக் கொடுத்திருப்பார். ஒருவருக்கு அது பலிக்கும், இன்னொருவருக்கு அது ஏமாற்று. பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் அந்தத் தட்டை ஒரு முறை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இது வெளிநாட்டுக் கதையும் அல்ல. கழுத்தில் நெறிகட்டி, காசநோய் நெறிக்கட்டி என்று சந்தேகிக்கப்பட்ட மலேசிய நோயாளி ஒருவரின் திசுவிலிருந்து வளர்ந்தது மசிலியன்ஸ். அதன் முழு மரபணு வரிசையை மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டார்கள். கழுத்து நெறிக்கட்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு காசநோய் மாத்திரை என்ற வழக்கம் நம் நாட்டில் எவ்வளவு ஊறியது என்று எல்லோருக்கும் தெரியும்.

இதையெல்லாம் சொன்னவுடன் அடுத்த கரைக்குத் தாவுகிறவர்களும் உண்டு. அப்படியானால் எல்லா மருந்துக்கும் சோதனை செய்து நீளமான பட்டியலாகக் கொடுங்கள் என்பார்கள். அதையும் மறுக்கத்தான் வேண்டும். ஏவியம் கூட்டத்துக்கு ரிஃபாம்பிசினையும் எத்தாம்புட்டாலையும் குழியில் சோதித்துக் கிடைக்கும் எண்ணுக்கும் நோயாளி குணமாவதற்கும் நம்பத்தக்க தொடர்பு இல்லை. பொருளுள்ள சோதனை இரண்டுதான்: மேக்ரோலைடு (கிளாரித்ரோமைசின், அசித்ரோமைசின் வகை), அமிகாசின். கன்சாசிக்கு முதலில் பார்க்க வேண்டியது ரிஃபாம்பிசின். பட்டியல் முழுக்க 'எதிர்ப்பு' என்று வந்த தாளைப் பார்த்துப் பயந்து பயனுள்ள கூட்டு மருந்தை நிறுத்திவிடுவதும் நடக்கக்கூடியதே. எந்த இனத்துக்கு எந்த மருந்தைச் சோதிப்பது என்ற அறிவு இனத்தின் பெயரிலிருந்துதான் தொடங்குகிறது. பெயர் இல்லாத மருந்துப் பட்டியல் ஆபத்தானது.

மேக்ரோலைடு என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். விடாத இருமல் என்றால் அசித்ரோமைசின் எழுதிக் கொடுப்பது மலேசியத் தனியார் கிளினிக்குகளில் மட்டுமல்ல, தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கைவந்த பழக்கம். ஏவியம் நோய் உள்ளவருக்கு அதைத் தனி மருந்தாகத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் கிருமியின் 23எஸ் ரைபோசோம் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறுவது போதும், அந்த நோய்க்கு நம்மிடம் இருக்கும் மிகச் சிறந்த மருந்து கைநழுவிப் போகும். அப்படிப் போனவர்களைக் குணப்படுத்துவது மிகக் கடினம். இருமல் எந்தக் கிருமியால் என்று கேட்காமல் கொடுத்த மாத்திரையின் விலை இது.

கடைசியாக அந்த ஆடம்பர வாதம். செங்கல்பட்டில் 1968இல் பிசிஜி தடுப்பூசியின் பயனை அறியப் பெரும் ஆய்வு ஒன்று தொடங்கியது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி அங்கே தடுக்கவில்லை என்ற முடிவு உலகையே திகைக்க வைத்தது. மண்ணிலும் நீரிலும் உள்ள பிற மைக்கோபாக்டீரியங்கள் மக்களின் உடலில் முன்னரே ஏற்படுத்திய எதிர்வினை காரணமாக இருக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. அதனால் அந்தக் கிராமத்து மக்களின் சளியில் 1981இல் வளர்ந்த பிற மைக்கோபாக்டீரியங்களைச் சென்னை காசநோய் ஆராய்ச்சி மையத்தார் இனம் இனமாகப் பிரித்து, 1985இல் வெளியிட்டார்கள். அன்று மரபணு வரிசைக் கருவி கிடையாது. நியாசின் சோதனை, கேட்டலேஸ் நுரை, ட்வீன் கரைசலின் நிறமாற்றம், அரைல்சல்ஃபடேஸ், வெளிச்சத்தில் வைத்த குப்பி, இவைதான் கருவிகள். செங்கல்பட்டுக் கிராமத்து உழவரின் சளிக்கு 1981இல் கிடைத்த கவனம் தானா ராத்தாவில் கொழுந்து வெட்டுகிறவரின் சளிக்கு இன்று கிடைக்கக் கூடாதா?

இன்று வழி இன்னும் எளிது. வளர்ப்புக் குழாயில் கிருமி வளர்ந்ததைக் காட்டும் ஒளி தெரிந்ததும் ஒரு துளியை எம்.பி.டி.64 பட்டையில் விட்டால் பதினைந்து நிமிடத்தில் காசநோய்க் கூட்டமா இல்லையா என்று தெரிந்துவிடும். கோவிட் சோதனைப் பட்டையைப் போன்றதுதான், இரண்டு கோடு அல்லது ஒரு கோடு. அதற்கு அடுத்த படியை, அதாவது இனத்தையும் எர்ம்-41இன் நிலையையும், மரபணுப் பட்டைச் சோதனையில் அறியலாம். மால்டி-டாஃப் கருவியோ மரபணு வரிசையோ பெரிய ஆய்வுக்கூடங்களில் இருக்கட்டும். ஒவ்வொரு மலைக் கிளினிக்கிலும் அது வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. தானா ராத்தா மருத்துவமனையிலிருந்து மலையிறங்கும் குப்பியோடு "இனம் கண்டறிக" என்ற வேண்டுகோளும் இறங்க வேண்டும், விடை மேலேறி வர வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறோம்.

செலவு என்று பேசுகிறவர்கள் யாருடைய செலவை எண்ணுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். காசநோய் 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய நோய். அந்தப் பெயர் விழுந்ததும் வீட்டில் எல்லோரும் சோதனைக்கு வரிசையில் நிற்க வேண்டும், லயத்தில் அக்கம்பக்கம் ஒதுங்கும், கண்காணிப்பில் மாத்திரை விழுங்க நாள்தோறும் கிளினிக்குக்கு நடக்க வேண்டும், அன்றைய கூலி போகும். வெளிநாட்டுத் தொழிலாளியானால், அவர்களுக்குக் கட்டாயமான ஃபோமெமா மருத்துவப் பரிசோதனையில் காசநோய் என்ற முடிவு வேலைக்கே உலை வைக்கும். மற்ற மைக்கோபாக்டீரியங்களோ பொதுவாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளிடையே அப்சிசஸ் பரவியதற்குப் பிரிட்டனில் சான்று உண்டு. அது விலக்கு. கோர்டோனே வந்த ஒருவரையோ ஏவியம் வந்த ஒரு மூதாட்டியையோ குடும்பத்துக்கு நோய் பரப்புகிறவர் என்று தனித்தட்டு வைத்து உட்கார வைப்பதற்கு மருத்துவத்தில் எந்த நியாயமும் இல்லை. இந்தச் செலவு எந்த மருத்துவமனையின் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை, அந்த வீட்டின் மேல் விழுகிறது.

எனவே மலைக்குத் திரும்பி வரும் தாளில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று கேட்பதற்கு நோயாளிக்கும் உரிமை உண்டு, தோட்டத்து டிரெஸ்ஸருக்கும் உண்டு, மருத்துவருக்குக் கடமையே உண்டு. இனத்தின் பெயர், அப்சிசஸ் என்றால் துணையினம், எத்தனை மாதிரிகளில் எத்தனையில் வளர்ந்தது, அந்த இனத்துக்குப் பொருந்தும் மருந்துகளின் அளவெண், கிளாரித்ரோமைசின் எத்தனையாவது நாள் பார்க்கப்பட்டது. "காசநோய்க் கிருமி அல்லாத மைக்கோபாக்டீரியம் வளர்ந்தது" என்ற ஒற்றை வரியோடு தாள் வந்தால், அதை ஏற்றுக்கொண்டு கையெழுத்திடாமல் ஆய்வுக்கூடத்துக்குத் தொலைபேசியை எடுங்கள்.